அமெனெமோப் வளையலை உருக்கிட்டாங்க... ஃபாரோ சமாதியில கிடைச்சதெல்லாம் அந்தந்த ராஜாவோட சொந்த சாமான்தானா?

நைல்காத்து:
மக்களே, கெய்ரோ வளையல் மேட்டரை இங்க யாரும் பேசலையே. 2025 செப்டம்பர்ல, தஹ்ரீர் சதுக்கத்துல இருக்கிற பழைய எகிப்திய மியூசியத்தோட பராமரிப்பு லேப்ல இருந்து ஒரு தங்க வளையல் காணாமப் போச்சு. ராஜா அமெனெமோப்போடது, 21வது வம்சம், கிட்டத்தட்ட 3000 வருஷப் பழசு, அதுல உருண்டையா ஒரு லாபிஸ் நீலக்கல் வேற. ரோம்ல நடக்க இருந்த கண்காட்சிக்கு சாமான் எடுத்து வைக்கிறப்பதான் ஒண்ணு குறையுதுன்னே தெரிஞ்சிருக்கு. உள்துறை அமைச்சகம் சொன்னபடி பாத்தா, அங்க வேலை செஞ்ச ரெஸ்டோரேஷன் ஆள் ஒருத்தரே எடுத்துட்டுப் போய், தெரிஞ்ச வெள்ளிக் கடைக்காரர் மூலமா ஒரு நகைப் பட்டறைக்காரருக்கு 1,80,000 எகிப்து பவுண்டுக்கு தள்ளி, அவர் அதை 1,94,000க்கு உருக்குற ஆளுக்கு வித்து, அந்த ஆள் மத்த நகையோட சேத்துப் போட்டு உருக்கியும் முடிச்சாச்சு. நம்ம காசுக்கு மூணேகால் லட்சம் ரூபா கிட்ட. ஒரு ஃபாரோவோட வளையலுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் காரு விலை.

எனக்கு ரெண்டு கேள்வி. இந்த அமெனெமோப் யாரு, இவர் சமாதி எங்க கிடைச்சது? எல்லாரும் துட்டன்காமுன் பத்தியேதான் பேசுறாங்க. ரெண்டாவது, சமாதியில கொள்ளை போகாம தப்பிச்சதுன்னு சொல்ற புதையல் மொத்தம் எத்தனை, அதுல என்னதான் இருந்துச்சு?

சும்மா_ஒரு_டவுட்டு:
உருக்குன ஆளுக்கு இனிமே சாபம் ஸ்டார்ட் ஆகும் பாருங்க 😄

கல்மண்டபம்:
சாபத்தை ஓரமா வைங்க தம்பி. துட்டன்காமுன் தோண்டலுக்கு காசு போட்ட கார்னார்வன் பிரபு கொசுக்கடி செப்டிக் ஆகி 1923 ஏப்ரல்ல செத்தார், தோண்டின ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரைக்கும் இருந்தார். அவ்வளவுதான் சாபம்.

அமெனெமோப் பத்தி. நைல் டெல்டாவுல தானிஸ்னு ஒரு ஊர், இப்ப பேர் சான் எல் ஹகர். 21, 22வது வம்ச ராஜாக்கள் அங்க இருந்துதான் ஆண்டாங்க. பியர் மோன்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அங்க வருஷக்கணக்கா தோண்டி, 1939ல அமுன் கோயில் மதில் சுவருக்குள்ளயே அரச சமாதிகள் இருக்கிறதைக் கண்டுபிடிச்சார். கவனிங்க, மலைக்குள்ள குடைஞ்ச கல்லறை இல்ல, கோயில் வளாகத்துக்குள்ள தரைக்குக் கீழ கட்டின கல் அறைகள், அதுக்கு மேல பிற்காலத்துல செங்கல் கட்டடம் வந்து மூடிருச்சு, அதனாலதான் தப்பிச்சது. முதல்ல உள்ள போனப்ப கிடைச்சது இரண்டாம் ஷோஷெங்க், பருந்துத் தலை வச்ச முழு வெள்ளி சவப்பெட்டி. இப்படி ஒரு ராஜா இருந்தார்னே அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. அடுத்த சீசன், 1940 பிப்ரவரி, அதே சமாதியில முதலாம் சுசென்னஸ், தங்க மாஸ்க்கோட. அதுக்கப்புறம் ஏப்ரல்ல அமெனெமோப். அப்ப எகிப்தை ஆண்ட ராஜா ஃபாரூக்கே நேர்ல வந்து பாத்தார். அடுத்த மாசமே ஹிட்லர் படை பிரான்சுக்குள்ள நுழைஞ்சிருச்சு, மோன்டே ஊருக்குக் கிளம்பிட்டார், உலகத்துல ஒரு பேப்பரும் இதை முதல் பக்கத்துல போடுற நிலைமையில இல்ல. துட்டன்காமுன் 1922 நவம்பர்ல, சண்டை இல்லாத நேரத்துல கிடைச்சார். அதான் ஒருத்தர் பேரு டீ-ஷர்ட் வரைக்கும் வந்துச்சு, இன்னொருத்தர் பேரை உச்சரிக்கவே ஆள் இல்ல.

இன்னொரு விஷயம், டெல்டா ஈர மண். தானிஸ்ல மரம், துணி, மம்மி எல்லாம் மக்கிப் போச்சு, உலோகமும் கல்லும் எலும்பும் மட்டும் மிச்சம். துட்டன்காமுன்கிட்ட செருப்பு, விசிறி, கட்டில், ரதம், உள்ளாடை வரைக்கும் 5000க்கு மேல சாமான் கிடைச்சதுக்குக் காரணம் தெற்குல இருக்கிற காய்ஞ்ச பாறை.

நீங்க கேட்ட ரெண்டாவது கேள்விக்கு பதில் கொஞ்சம் சிக்கல். "கொள்ளை போகாத சமாதி"ங்கிறதே பாதிப் பொய். துட்டன்காமுன் சமாதியிலயே அடக்கம் பண்ணின கொஞ்ச நாள்லயே ரெண்டு தடவை ஆள் புகுந்திருக்கு. பெட்டி மேல எழுதியிருந்த பட்டியலையும் உள்ள இருந்த சாமானையும் ஒப்பிட்டுப் பாத்து, நகையில பாதிக்கு மேல போயிருச்சுன்னு கார்ட்டரே கணக்குப் போட்டார். ஒரு துணியில சுருட்டின தங்க மோதிரங்களை திருடன் அங்கயே விட்டுட்டுப் போயிருக்கான். வாசனைத் தைலத்தைக்கூட விடல, ஜாடியில இருந்து வழிச்சு எடுத்திருக்காங்க. தங்கத்துலயாவது பேர் இருக்கும், தைலத்துல அடையாளம் கிடையாதே.

வெள்ளிப்பட்டறை:
வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்ல பட்டறை வச்சிருக்கேன், அதனால நகை செய்ற கோணத்துல ரெண்டு வார்த்தை சொல்றேனுங்க.

துட்டன்காமுன் மாஸ்க் சுமார் 10 கிலோவுங்க. அச்சுல வார்த்தது கெடையாது, தகடா அடிச்சு எழுப்பி, துண்டுகளைச் சேத்தது. மேல்தோல் ரெண்டு வித மாத்துல இருக்குது, முகமும் கழுத்தும் 18.4 காரட், தலைத்துணி பக்கம் 22.5. அதனாலதான் முகம் கொஞ்சம் வெளுப்பா, உயிரோட இருக்கிற மாதிரி தெரியுது. நீலப் பட்டையெல்லாம் கல்லுன்னு நெனைப்பீங்க, அது நீலக் கண்ணாடி. நிஜ லாபிஸ் புருவத்துலயும் கண்ணைச் சுத்தியும்தான். கண்ணு வெள்ளை குவார்ட்ஸ், கருவிழி அப்சிடியன்கிற எரிமலைக் கண்ணாடி. ஆப்கானிஸ்தான் படக்ஷான் மலையில இருந்து வர்ற கல்லை எங்க கண்ணு போகுமோ அங்க வச்சு, மிச்சத்தை கண்ணாடியில ஒப்பேத்திட்டான். எந்தப் பட்டறையிலயும் அப்படித்தான் செய்வோம், அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லீங்க.

அவரோட உள் சவப்பெட்டி இருக்குதே, 110 கிலோ, முழுக்கத் தங்கம். அதைப் பத்தி பேசவே பயமா இருக்குது.

ஆனா எனக்குப் புடிச்சது சுசென்னஸோட வெள்ளிச் சவப்பெட்டிதானுங்க. எகிப்துல தங்கம் உள்ளூர்லயும் தெற்க இருக்கிற நூபியாவுலயும் கெடைச்சது, வெள்ளி வெளிநாட்டுல இருந்து வரணும். ரொம்பப் பழைய காலத்துல தங்கத்தைவிட வெள்ளிதான் ஒசத்தி. தெய்வத்தோட சதை தங்கம், எலும்பு வெள்ளி, முடி லாபிஸ்னு அவங்க நம்பிக்கை. தங்கம் மென்மை, சொன்னபடி கேக்கும். வெள்ளி அடிக்க அடிக்க இறுகும், நடுநடுவுல காய்ச்சி இளக்கிக் குடுத்துக்கிட்டே இருக்கணும், இல்லைன்னா வெடிச்சிரும். ஒரு ஆள் நீளத்துக்கு, கைவிரல், இறக்கை வேலைப்பாடு எல்லாம் வச்சு வெள்ளியில செஞ்சவன் சாதாரண ஆளில்லீங்க. சுசென்னஸோட தங்க மாஸ்க் தகடு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். பணம் இல்லாத காலத்துல செஞ்ச வேலைன்னு பாத்தா தெரியவே தெரியாது.

பனங்கூடல்:
வெள்ளிப்பட்டறை அண்ணை சொன்னது சரி. நான் கெய்ரோவுக்குப் போன நேரம் தஹ்ரீர் மியூசியத்தில அந்த வெள்ளிப் பெட்டியைப் பாத்தனான். சனம் முழுக்க துட்டன்காமுனிட்ட நிண்டது, இஞ்சால ஒருத்தரும் இல்லை. ஆறுதலா நிண்டு பாக்கலாம்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. அந்த வெள்ளிப் பெட்டி இருந்தது ஒரு கறுப்புக் கல் பெட்டிக்குள்ள, அது இருந்தது ஒரு பெரிய சிவப்புக் கிரானைட் பெட்டிக்குள்ள. அந்தச் சிவப்புப் பெட்டி சுசென்னஸுக்கு எண்டு செய்தது இல்லை பாருங்கோ. அது மெர்னெப்டாவின்ர பெட்டி. இரண்டாம் ராம்செஸின்ர மகன், 19வது வம்சம், சுசென்னஸுக்கு 150 வருசத்துக்கு மேல முந்தின ஆள். எல்லா இடத்திலயும் பழைய பேரைக் கொத்தி எடுத்துப்போட்டு சுசென்னஸ் எண்டு வெட்டி இருக்கினம், ஆனா மூடியில படுத்திருக்கிற ராசாவின்ர இடுப்புப் பட்டியில மட்டும் மெர்னெப்டா பேர் அப்பிடியே கிடக்குது. கறுப்புப் பெட்டியும் 19வது வம்சத்து அதிகாரி ஒருத்தரின்ரதாம்.

மூடியின்ர உள்பக்கத்தில நூத் எண்ட வான தெய்வம், புடைப்பா முழு உருவமா, ராசாவுக்கு மேல கவிஞ்ச மாதிரி. அடக்கம் செய்தாப்பிறகு அதை ஒரு மனிசரும் பாக்கேலாது. செத்தவர் பாக்கிறதுக்காகச் செய்த சிற்பம். நான் அதிலதான் கனநேரம் நிண்டனான்.

நைல்காத்து:
ஒரு நிமிஷம். மெர்னெப்டா சமாதி தெற்குல, ராஜாக்கள் பள்ளத்தாக்குல தானே இருக்கு? தானிஸ் வடக்குக் கோடியில இருக்கு. அவ்வளவு பெரிய கிரானைட் பெட்டியை நைல்ல படகுல ஏத்தி வடக்க கொண்டு போனாங்களா? ராத்திரி திருடன் செய்ற வேலை மாதிரி இல்லையே.

கல்மண்டபம்:
அதான் விஷயமே. திருடன் செய்யல. அரசாங்கம் செஞ்சது.

ரெண்டு கட்டமா பாக்கணும். முதல் கட்டம் நிஜத் திருட்டு. ஒன்பதாம் ராம்செஸ் ஆட்சியோட 16வது வருஷம், கி.மு. 1110 வாக்குல, தீப்ஸ் நகரத்துல (இப்ப லக்ஸர்) ஒரு பெரிய விசாரணை நடந்துச்சு, அதோட ரெக்கார்டு பாப்பிரஸ் நாணல் தாள்ல அப்படியே இருக்கு. அமென்பனுஃபெர்னு ஒரு கல்தச்சன், கூட்டாளிகளோட சேந்து பழைய ராஜா சோபெகெம்சாஃப் சமாதிக்கு சுரங்கம் தோண்டி உள்ள போறான். ராஜாவையும் ராணியையும் பெட்டியைத் திறந்து தங்கத்தையெல்லாம் உரிச்சு எடுத்துட்டு பெட்டிகளுக்கு தீ வச்சிட்டாங்க. கிடைச்சது 160 தெபென் தங்கம், எட்டு பேர், ஆளுக்கு 20. ஒரு தெபென் சுமார் 91 கிராம்னா மொத்தம் பதினாலரை கிலோ. அப்புறம் அவன் மாட்டிக்கிட்டான். என்ன செஞ்சான் தெரியுமா, தன் பங்கு 20 தெபெனை படகுத்துறை எழுத்தருக்கு லஞ்சமா குடுத்துட்டு வெளிய வந்துட்டான். வந்து கூட்டாளிங்ககிட்ட விஷயத்தைச் சொன்னதும் அவங்கவங்க பங்குல இருந்து இவனுக்கு ஈடு கட்டிட்டாங்க. திரும்பவும் அதே தொழில். இதெல்லாம் அவனே குடுத்த வாக்குமூலம், கம்பால அடிச்சு வாங்கினதுதான். அந்த பாப்பிரஸ் ரெண்டா கிழிஞ்சு, கீழ்ப்பாதி நியூயார்க்குக்குப் போச்சு, மேல்பாதி 1935ல பிரஸ்ஸல்ஸ்ல ஒரு மரச் சிலையோட வயித்துக்குள்ள இருந்து வந்துச்சு.

அதே நேரத்துல கிழக்குக் கரை மேயர் பாசெர், மேற்குக் கரை மேயர் பவெரோ மேல புகார் குடுக்கிறார், உன் ஏரியாவுல சமாதியெல்லாம் கொள்ளை போகுதுன்னு. கமிட்டி போய் 10 அரச சமாதியைப் பாத்துட்டு ஒண்ணுதான் உடைஞ்சிருக்குன்னு ரிப்போர்ட் குடுத்துருச்சு. பவெரோ ஆளுங்க ஊர்வலமா வந்து கொண்டாடினாங்களாம். அரசியல் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

ரெண்டாவது கட்டம் ஒரு 40 வருஷம் கழிச்சு. பதினோராம் ராம்செஸோட கடைசிக் காலம். நூபியா கையை விட்டுப் போகுது, அதாவது தங்கச் சுரங்கம் போச்சு. தானிய விலை அதுக்கு முன்னாடியே தலைக்கு மேல. தெற்குல ராணுவத் தளபதிங்கதான் அமுன் கோயில் தலைமைப் பூசாரி, நிஜ ஆட்சியும் அவங்கதான். தளபதி பியான்க் நூபியாவுல சண்டையில இருக்கும்போது தீப்ஸ்ல இருக்கிற கல்லறை எழுத்தர் புதேஹமுனுக்கு ஒரு லெட்டர் போடுறார். சாரம் என்னன்னா, முன்னோர் கல்லறைகள்ல ஒண்ணைத் திறந்து வை, நான் வர்றவரைக்கும் அதோட முத்திரையைக் காப்பாத்து. போர்ச் செலவுக்கு காசு வேணும், காசு இருக்கிற இடம் பள்ளத்தாக்கு. புதேஹமுன் அந்த மலை பூரா சுத்தி பாறையில கையெழுத்து போட்டு வச்சிருக்கார், இன்னிக்கும் படிக்கலாம்.

அதுக்கப்புறம் தலைமுறை தலைமுறையா ஒவ்வொரு சமாதியா திறந்து, தங்கத்தை எடுத்துட்டு, மம்மியை மட்டும் புதுத் துணியில சுத்தி, மேல மையில யாரு, எந்த வருஷம் எங்க இருந்து எங்க மாத்தினோம்னு குறிப்பெழுதி, கும்பலா ஒரே இடத்துல கொண்டுபோய் வச்சாங்க. இரண்டாம் ராம்செஸ் முதல்ல அவங்க அப்பா, ராஜா முதலாம் சேதியோட சமாதிக்குப் போறார், அப்புறம் ஒரு ராணியோட சமாதிக்கு, கடைசியில தேர் எல் பஹ்ரி பாறைக்குள்ள இருக்கிற குழிக்கு. 1881ல அந்தக் குழியில இருந்து 50க்கு மேல மம்மி வந்துச்சு. அதுவும் எப்படித் தெரிஞ்சது, பக்கத்து ஊர் அப்த் எல் ரசூல் குடும்பம் அதைக் கண்டுபிடிச்சு பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வித்துட்டிருந்தாங்க, அண்ணன் தம்பி சண்டையில போட்டுக் குடுத்துட்டாங்க. மூன்றாம் துட்மோஸோட சவப்பெட்டியைப் பாத்தா மரத்து மேல இருந்த தங்கத்தகட்டை மட்டும் நிதானமா சுரண்டி எடுத்திருக்கிறது தெரியும். பெட்டியை உடைக்கல. ஓடுற அவசரத்துல திருடன் இப்படி சுரண்ட மாட்டான்.

இதுல உச்சம் என்னன்னா, தலைமைப் பூசாரி முதலாம் பினெஜெம், முதலாம் துட்மோஸோட சவப்பெட்டிகளை எடுத்து புதுசா தங்கம் போட்டு, பேர் மாத்தி, அதுக்குள்ள தானே படுத்துக்கிட்டார். அந்த பினெஜெம்தான் நம்ம சுசென்னஸோட அப்பான்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க. அப்பா தெற்குல துட்மோஸ் பெட்டியில, மகன் வடக்குல மெர்னெப்டா பெட்டியில. சுசென்னஸோட புதுத் தங்கமே பள்ளத்தாக்குல இருந்து உரிச்சதை உருக்கிச் செஞ்சதா இருக்கலாம்னு நிறைய பேருக்கு சந்தேகம் உண்டு, நிரூபிக்க வழியில்ல, உருக்கினது உருக்கினதுதான்.

மணல்மேடு:
நீங்க சொல்ற டோன் எனக்குப் பிடிக்கல. "அரசாங்கம் செஞ்சது", "நிதானமா சுரண்டினாங்க", "குறிப்பெழுதினாங்க". திருட்டுக்கு ரசீது போட்டா அது திருட்டு இல்லையா? கல்தச்சன் செஞ்சா கம்படி, தளபதி செஞ்சா நிர்வாகம். அமென்பனுஃபெர் பாவம் பசியில எடுத்திருப்பான், அந்த ஊர் கல்லறைத் தொழிலாளிங்க மூன்றாம் ராம்செஸ் காலத்துலயே கூலி தானியம் வரலைன்னு வேலையை நிறுத்திட்டு உக்காந்தவங்க.

வெள்ளிப்பட்டறை:
மணல்மேடு சார், கோவிச்சுக்காதீங்க. எங்க பட்டறைக்கு வாரம் ஒருத்தராவது பாட்டி காசுமாலையைக் கொண்டாந்து அழிச்சு பேத்திக்கு நெக்லஸ் பண்ணச் சொல்றாங்க. எனக்கு வயிறு எரியும், ஆனா வீட்டு நகை, வீட்டுக்காரங்க முடிவு. பினெஜெம் அவரையே அந்த ராஜ வம்சத்து வாரிசுன்னு நெனைச்சிருந்தா அவருக்கு அது திருட்டாவே தெரிஞ்சிருக்காதுங்க.

மணல்மேடு:
பாட்டி சம்மதிச்சாங்கல்ல. துட்மோஸ் சம்மதிக்கல. அது அவர் பேர் எழுதி வச்ச பெட்டி. அவங்க மதத்துல பேரை அழிச்சா ஆளையே அழிச்ச மாதிரி.

கல்மண்டபம்:
அங்கதான் சிக்கல் சார். பேர் அழிஞ்சா ஆள் அழியும்னு நம்பின அதே ஆளுங்கதான் மம்மிக்கு மேல பேர் எழுதி வச்சாங்க. தங்கம் போச்சு, ஆனா உடம்பும் பேரும் மிச்சம். அந்தக் குறிப்பு இல்லைன்னா இது ராம்செஸ், இது சேதின்னு 1881ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. 2021 ஏப்ரல்ல 22 மம்மியை கெய்ரோ ரோட்டுல ஊர்வலமா கூட்டிட்டுப் போனாங்களே, அதுல நிறைய பேருக்குப் பேர் இருந்திருக்காது. அவங்களை நல்லவங்கன்னு சொல்ல வரல. ராஜாவுக்கு எது அவசியம், எது தேவையில்லைன்னு அவங்களுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. உடம்பு அவசியம், பேர் அவசியம், 110 கிலோ தங்கம் அவசியமில்ல.

வளையலை உருக்கினவனுக்கு அந்தக் கணக்கும் இல்ல.

சும்மா_ஒரு_டவுட்டு:
அப்ப துட்டன்காமுனோடது மட்டும்தான் ஒரிஜினல் சாமானா? அவரு சமாதியை யாரும் இப்படி கவர்மெண்டா வந்து காலி பண்ணலல்ல?

கல்மண்டபம்:
காலி பண்ணல, ஏன்னா மறந்துட்டாங்க. பழைய தெய்வங்களை ஒதுக்கி வச்ச ராஜா அகெனாத்தன் காலத்து ஆளுங்கன்னு பின்னாடி வந்தவங்க அரசர் பட்டியல்ல இருந்தே அவர் பேரை எடுத்துட்டாங்க, ஆறாம் ராம்செஸுக்கு சமாதி வெட்டின தொழிலாளிங்க இவர் வாசலுக்கு மேலயே குடிசை போட்டுட்டாங்க.

ஆனா அவர் சாமான்லயும் அடுத்தவங்களோடது ஏகப்பட்டது இருக்கு. 19 வயசு வாக்குல திடீர்னு போனவர், பெரிய சமாதி ரெடியில்ல, எங்கயோ இருந்த சின்னதுல வச்சாங்க. உள்ளுறுப்புகளை வைக்கிற நாலு குட்டித் தங்கச் சவப்பெட்டி இருக்கே, ஒவ்வொண்ணும் ஒரு ஜான் உயரத்துக்கு மேல, அப்படி ஒரு வேலைப்பாடு, அதுக்கு உள்பக்கம் பாத்தா முன்னாடி ஆண்ட நெஃபெர்நெஃபெருஆத்தன் பேரை மாத்தி எழுதியிருக்கிறது தெரியும். நடுவுல இருக்கிற ரெண்டாவது சவப்பெட்டியோட முகம் மத்த ரெண்டு பெட்டி முகத்தோட ஒத்துப்போகல. கல் பெட்டி குவார்ட்ஸைட், மூடி கிரானைட், நிறம் ஒத்துவர பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க, அதுவும் ரெண்டா உடைஞ்சு போனது. வெளிச் சவப்பெட்டி கால் கொஞ்சம் உயரமாப் போய் மூடி உக்காரல போல, கால்விரல் பக்கத்தை செதுக்கித் தள்ளியிருக்காங்க, அந்த மரச்சீவல் கல் பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு. சுத்தி இருந்த நாலு தங்கத் தேர் மாதிரி மரக்கூண்டுகளை கதவு மேற்குப் பாக்கணும்கிறதுக்கு பதிலா கிழக்கப் பாக்க மாட்டிட்டாங்க. உள்ள எடத்தைப் பாத்தா பாவம் அந்த தச்சன் திரும்பக்கூட முடிஞ்சிருக்காது.

அந்த மாஸ்க்கையே முதல்ல ஒரு ராணிக்காக செஞ்சதுன்னு எகிப்து ஆய்வாளர் நிக்கோலஸ் ரீவ்ஸ் சொல்றார், காதுல துளை இருக்கு, பேர் எழுதின கட்டத்துல பழைய எழுத்தோட தடம் இருக்குன்னு. இதை எல்லாரும் ஒத்துக்கல.

பனங்கூடல்:
ஷப்தி பொம்மையளையும் சொல்லுங்கோ. மறுவுலகில வயல் வேலைக்கு எண்டு வைக்கிற பொம்மையள். 413. வருசத்தில நாளுக்கு ஒண்டா 365 வேலையாள், பத்துப்பேருக்கு ஒரு கங்காணி எண்டு 36, மாசத்துக்கு ஒண்டா 12 மேற்பார்வையாளர். செத்தும் கங்காணி விடுறேல்ல 😅. அதில கொஞ்சம் நக்த்மின், மாயா எண்ட அதிகாரியள் தங்கட பேர் எழுதிக் குடுத்த அன்பளிப்பு.

நைல்காத்து:
சரி, அமெனெமோப்புக்கு வருவோம். அவர் சமாதியாவது அவரோடதா?

கல்மண்டபம்:
அதுவும் இல்ல 😀. அவருக்குன்னு தானிஸ்ல தனியா ஒரு சின்ன சமாதி கட்டினாங்க. பின்னாடி வந்த சியாமுன் காலத்துல அவரை அங்க இருந்து எடுத்து, சுசென்னஸ் சமாதிக்குள்ள, சுசென்னஸோட ராணி முத்னெஜ்மெட்டுக்காக கட்டி வச்சிருந்த அறையில கொண்டு வந்து வச்சிட்டாங்க. ராணி என்ன ஆனாங்களோ. அதே சமாதியோட முன் அறையிலதான் இரண்டாம் ஷோஷெங்க்கும், அவர் கையில முதலாம் ஷோஷெங்க் பேர் போட்ட வளையல் ஜோடி. தாத்தா நகையோ என்னவோ, குடும்பத்துல வந்தது. சுசென்னஸ் கழுத்துல இருந்த லாபிஸ் மணிமாலையில ஒரு மணியில அசிரியா எழுத்து, அங்க ஒரு பெரிய மந்திரி எழுதி வச்சது. எப்படி இங்க வந்துச்சுன்னு ஆளுக்கு ஒரு கதை.

மணல்மேடு:
தோண்டினவங்களையும் விட்டுடாதீங்க. கார்ட்டர் டீம் மாஸ்க்கை கழட்ட முடியலைன்னு சூடாக்கின கத்தியால பிசினை அறுத்து, மம்மியையே துண்டு துண்டா எடுத்தாங்க. துட்டன்காமுன் சமாதியில இருந்து வந்ததுன்னு 19 சின்ன சாமானை நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியமே 2010ல எகிப்துக்குத் திருப்பித் தர்றோம்னு அறிவிச்சுச்சு. அதே மாஸ்க்கோட தாடி 2014ல மியூசியத்துலயே கழண்டு விழுந்து எபாக்ஸி பசை போட்டு ஒட்டினாங்க, அடுத்த வருஷம் ஜெர்மன் நிபுணர் வந்து மரக்குச்சியால சுரண்டி எடுத்து தேன்மெழுகால சரியா ஒட்டினார்.

நைல்காத்து:
வெள்ளிப்பட்டறை அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு. உருக்கின தங்கத்துல இருந்து இது அந்த வளையல்னு கண்டுபிடிக்க முடியுமா?

வெள்ளிப்பட்டறை:
கஷ்டமுங்க. பழைய எகிப்து தங்கத்துல, ஆத்து மணல்ல அரிச்சு எடுத்ததுல, வெள்ளை வெள்ளையா கடினமான புள்ளி இருக்கும், ஆஸ்மியம் இரிடியம் வகை. தங்கம் உருகுற சூட்டுல அது உருகாது, அப்படியே நிக்கும். பட்டறைக்காரனுக்கு அது தொல்லை, அரம் பட்டா கிறீச்சுங்கும். ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அதுதான் தடயம். ஆனா ஒரு வளையல் தங்கத்தை நாப்பது அம்பது நகையோட கலந்துட்டா அந்தப் புள்ளியைத் தேடிப் பிடிச்சாலும் என்னத்துக்கு ஆகும்? தங்கம் போகலீங்க, அது எங்கயோ யாரோ கையில மோதிரமா இருக்கும். போனது அடிச்சவனோட வேலை. சுத்தியல் எந்தப் பக்கம் விழுந்துச்சு, எங்க பத்தவச்சான், கல்லை எப்படி நிறுத்தினான், அதுக்கெல்லாம் கிராம் கணக்கு கெடையாது. 1,80,000 பவுண்டுன்னு விலை போட்டது தங்கத்துக்கு மட்டும்தான்.

நைல்காத்து:
போட்டோ, அளவெல்லாம் இருக்கும்ல? நகல் செஞ்சு வைக்கலாமே.

கல்மண்டபம்:
மோன்டே 1951ல சுசென்னஸ் சமாதி பத்தி போட்ட பெரிய வால்யூம்ல அமெனெமோப் சாமான் எல்லாம் இருக்கு. அவரோட தங்க முகமும் பத்திரமா இருக்கு, வளையல் மட்டும்தான் போச்சு.

மணல்மேடு:
நகல் வேண்டாம். செஞ்சு வச்சா பத்து வருஷத்துல எல்லாரும் மறந்துருவாங்க, லேபிள்ல பொடி எழுத்துல "நகல்"னு போட்டுட்டு போயிருவாங்க. திருடு போச்சுன்னு பெரிய எழுத்துல போர்டு வைக்கட்டும்.

பனங்கூடல்:
போர்டும் வைக்கட்டும், நகலும் வைக்கட்டும். ஆரும் அங்க போறதெண்டால் முதல் லக்ஸருக்குப் போய் பள்ளத்தாக்கில மெர்னெப்டா சமாதியைப் பாத்திட்டு கெய்ரோவுக்கு வாங்கோ. அவற்ற இன்னொரு பெட்டியின்ர மூடி, ராசா படுத்திருக்கிற மாதிரி செதுக்கினது, இன்னும் அங்கதான் கிடக்குது. அதுக்குப் பிறகு தஹ்ரீரில சுசென்னஸ் பெட்டியைப் பாத்தியள் எண்டால் ஒரே செட் எண்டு விளங்கும். இடுப்புப் பட்டியில பேர் இருக்கிற இடம் தேடவேணும், டோர்ச் கொண்டு போங்கோ.

சும்மா_ஒரு_டவுட்டு:
அந்த இடுப்புப் பட்டி பேரை மறந்து விட்டாங்களா, வேணும்னே விட்டாங்களா?

கல்மண்டபம்:
ரெண்டுக்கும் ஆள் இருக்கு. அவ்வளவு பேரையும் தேடித் தேடி கொத்தினவன் நட்ட நடுவுல இருக்கிற ஒண்ணை மறந்தான்னா நம்ப கஷ்டமா இருக்கு. சுசென்னஸ் சில இடத்துல தன் பேரையே "ராம்செஸ் சுசென்னஸ்"னு எழுதிக்கிட்டவர், ராம்செஸ் மகனோட பெட்டியில படுக்கிறது அவருக்குப் பெருமையாத்தான் இருந்திருக்கும். என் ஓட்டு வேணும்னே விட்டாங்கங்கிறதுக்குத்தான்.

மணல்மேடு:
என் ஓட்டு கூலி சரியா குடுக்கலைங்கிறதுக்கு.

வெள்ளிப்பட்டறை:
😂 அதுவும் நடக்குங்க. நகல் விஷயமா, யார்கிட்டயாவது அந்த வளையலோட உள்பக்கமோ பூட்டுப் பக்கமோ தெளிவா எடுத்த போட்டோ இருந்தா போடுங்க. நியூஸ்ல வந்ததெல்லாம் முன்பக்கம் மட்டும். கல்லுக்குள்ள கம்பி ஊடுருவிப் போகுதா, இல்ல ரெண்டு பக்கமும் தொப்பி வச்சுப் பிடிச்சிருக்கானான்னு பாக்கணும்.